ஏழுவீட்டு முடுக்கு: அளவில் விடுபட்ட ஐந்தடி

அத்தியாயம் 14

அனுமதிக் கடிதம் மட்டும் கைக்கு வந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக நடந்துவிடும் என்று தம்மாமிலிருந்து எட்டு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார் முகம்மது மைதீன். கடிதம் வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு அவரும் வந்து சேர்ந்தார். அவருடைய மனைவி ரைஹானத்துக்குத் தூக்கம் போனது அதற்குப் பிறகுதான்.

ஆரம்பத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு ஏழுவீட்டுத் தெருவைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஊர். வாழைத் தோட்டத்துக்கும் வாய்க்காலுக்கும் இந்தப் பக்கம் ஏழு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுக் கடிகாரம் ஆடும். தெருக்கோடியில் ஒரு பழைய கல்மண்டபம் இருக்கிறது. அதன் முன்னால் தொல்லியல் துறையின் நீலப் பலகை. மண்டபத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாக ஒரு செங்கல் வைக்க முடியாது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வரை, அவர்கள் வரைபடத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னால் கட்டலாம். நான்காவது வீடான ரைஹானத்தின் வீடு அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் இருக்கிறது.

சரி, இருக்கிற வீட்டை இருக்கிறபடி விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விட முடியாது. இந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணம் முடிந்து பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணைப் பெற்றவர்கள் நகைக்கு முன்னால் வீட்டுக்குத்தான் கவலைப்படுவார்கள். வீடும் பெண்கள் பேரில்தான் இருக்கும். தோஹாவில் இருக்கும் மூத்தவள் ஷமீமாவுக்குக் கீழ்வீடு என்று பேசி முடித்தாகிவிட்டது. இளையவள் ஹம்னாவுக்கு, பின்பக்கத்தில் ஒரு மாடி எழும்பினால்தான் வீடு. நிக்காஹுக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள் இருக்கிறது. மாடிக்கோ கம்பிகூட இன்னும் கட்டவில்லை.

நேற்றுச் சாயங்காலம் தொல்லியல் ஆபீசிலிருந்து போன் வந்தது. நாளை பதினோரு மணிக்கு அதிகாரி நேரில் வந்து அளந்து பார்ப்பார் என்றார்கள். அந்த நாளை, இன்றைக்கு விடிந்துவிட்டது.

காலை எட்டு மணிக்குக் கொத்தனார் அப்பாத்துரை பின்பக்கத்தில் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். பழைய அடுப்படியை இடித்து, அதே அஸ்திவாரத்தின் மேல் புதுச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், வீட்டு வரிசையின் கோடியில் உள்ள சந்தில் நூல் போட்டு வாசலில் இருந்து பின்சுவர் வரை மொத்த நீளத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பார்த்தார். நூலைச் சுற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பாய், கொஞ்சம் இங்கன வாங்க."

மைதீன் கையில் தேநீர்த் தம்ளரோடு போனார். ரைஹானத் கூடத்துத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிளான்ல நீளம் அறுவத்தேழுன்னு போட்டிருக்கு. நமக்கு எழுவத்திரெண்டு வருது."

"சரியாப் பாத்தியளா அண்ணாச்சி?"

"மூணு தடவை பாத்துட்டேன். அஞ்சடி கூட இருக்கு. பழைய அஸ்திவாரத்து மேலதான் சுவரு வச்சிருக்கேன், ஒரு இஞ்சுகூட வெளிய இழுக்கல. பழைய சுவரு இருந்தா ஒரு பேச்சு. அதத்தான் நம்ம இடிச்சாச்சே. இப்ப வந்து பாக்குதவுகளுக்கு நம்ம அஞ்சடி பின்னால இழுத்துக் கட்டுன மாதிரிதான் தெரியும்."

மைதீன் வரைபடத்தை விரித்தார். மாடி, மாடிப்படி, ஹம்னாவின் அறை, குளியலறை என்று மேலே உள்ளதைத்தான் அவர் இத்தனை நாளும் ஆசை ஆசையாகப் பார்த்திருக்கிறார். கீழே என்ன போட்டிருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்க்கிறார். கூடம், அதற்கு அடுத்தது ஒரு கனமான சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி.

"முடுக்கு எங்க வே?" என்றார்.

வரைபடத்தில் முடுக்கே இல்லை.

ரைஹானத் திரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்போது நின்றுகொண்டிருந்ததே முடுக்கில்தான். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஐந்தடி அகலத்தில், மேலே கூரையோடு, முதல் வீட்டிலிருந்து ஏழாவது வீடு வரை நேராக ஓடுகிற வழி அது. பெண்கள் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வருவதற்காக என்றைக்கோ விட்டது. நடுச்சுவர் ஒவ்வொன்றிலும் கதவில்லாத ஒரு வாசல் உண்டு. வெளி ஆண்கள் அதற்குள் கால் வைப்பதில்லை. வீட்டு ஆண்கள்கூடத் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் கடப்பார்கள்.

பத்து மாதத்துக்கு முன்னால் வள்ளியூரிலிருந்து இன்ஜினியர் சுஜின் அளக்க வந்த நாள் அவளுக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. மைதீன் அப்போது ஊரில் இல்லை. சுஜின் கூடத்தை அளந்துவிட்டுத் திரை வரை வந்து நின்றான். முடுக்கில், அடுத்த வீட்டு ஆபிதா பீவியின் மகள் ஃபர்சானா பாய் விரித்துப் படுத்திருந்தாள். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். வாய்க்கால் காற்று அங்கேதான் வரும் என்று ரைஹானத்தே அவளை அழைத்துவந்து படுக்க வைத்திருந்தாள்.

"அக்கா, திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று சுஜின் கேட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி, சுவருதான். நீங்க பின்னால சுத்தி வந்து அடுப்படிய அளந்துக்கிடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பையன் அதை நம்பினான். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும்?

அந்த ஐந்தடி எங்கே போனது என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. இதை உடனே புருஷனிடம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். அதற்குள் மைதீன் போனில் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"கண்ண எங்கன வச்சுட்டு அளந்தீரு வே? அஞ்சடிய முழுங்கிட்டீரே! எம்மவ கல்யாணத்த நிறுத்தவா ஒமக்குச் சம்பளம் குடுத்தேன்?"

அந்தக் கோபத்துக்குக் குறுக்கே போய் நிற்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதிகாரி வந்து சாதாரணமாக விட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்குத் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாகவும் இருந்தது.

பத்து மணிக்கு சுஜின் பைக்கில் வந்து இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. மைதீன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"எனக்குக் காட்டுனத அளந்தேன் சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். சொல்லும்போது அவன் பார்வை திரைப்பக்கம் போய்த் திரும்பியது.

அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் ஒரு பொம்பளையைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். ரைஹானத்துக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அதிகாரி சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டார். அஞ்சலின் என்று பெயர். முப்பது வயதிருக்கும். கடற்கரைப் பக்கத்துப் பெண். தோளில் பை, கையில் அளவு நாடா. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு நேராக வேலைக்கு வந்துவிட்டார். தெருப்பக்கத்து முகப்பைப் பார்த்தார். மரத்தூணும் ஓடும் பழையபடியே இருப்பதைக் குறித்துக்கொண்டார். மைதீனுக்கு அப்போது கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு நாடாவின் ஒரு நுனியை சுஜின் கையில் கொடுத்துவிட்டு, வரிசைக் கோடியில் உள்ள சந்து வழியாகப் பின்சுவர் வரை அளந்துகொண்டு போனார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"எழுபத்திரண்டு அடி. நாங்க அனுமதி குடுத்தது அறுபத்தேழுக்கு."

"மேடம், அது எஞ்சினியரு அளந்ததுல தப்பு. நாங்க ஒண்ணும் இழுத்துக் கட்டல. அல்லா மேல ஆணை" என்றார் மைதீன்.

"இருக்கலாம் பாய். ஆனா பழைய சுவர் இப்ப இல்லையே. நான் எதப் பாத்து நம்பணும்? அனுமதிக்கு மேல அஞ்சடி கட்டியிருக்காங்கன்னுதான் எழுத முடியும். வேலைய நிறுத்தணும். கட்டுனத எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வரும்." சுஜின் பக்கம் திரும்பினார். "இது உங்க கையெழுத்துதான? தப்பான அளவுல கையெழுத்துப் போட்டா லைசென்ஸ் என்னாகும்னு உங்களுக்குத் தெரியும்."

சுஜின் தலைகுனிந்து நின்றான். அப்போதும் சொல்லவில்லை.

"அந்தத் தம்பி மேல தப்பு இல்ல."

கூடத்தில் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். தன் குரல்தானா அது என்று ரைஹானத்துக்கே சந்தேகமாக இருந்தது.

"நான்தான் சொன்னேன். அங்கன ஒண்ணுமில்ல, சுவருதான்னு. பிள்ள பெத்தவ படுத்திருந்தா. ஆம்பள உள்ள வந்திரக் கூடாதுன்னு வாயில வந்தத சொல்லிட்டேன். அந்த அஞ்சடி இங்கனதான் இருக்கு மேடம். நீங்க பொம்பளதான, உள்ள வந்து பாருங்க."

அஞ்சலின் செருப்பைக் கழற்றினார்.

அதிகாரி முடுக்குக்குள் வந்து அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு சுவரைத் தடவிப் பார்த்தார். சுண்ணாம்புக் காரை, விளக்கு வைக்கிற மாடங்கள், தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்த கல்படி. நாடாவின் ஒரு முனையை ரைஹானத்தைப் பிடிக்கச் சொன்னார். அளவைப் படித்தார். ஐந்தடி ஒரு அங்குலம்.

"இது எது வரைக்கும் போகுது?"

"ஏழு வீட்டுக்கும் போகும் மேடம்."

"நான் போயிப் பாக்கட்டா?"

போனார். ரைஹானத் முன்னால் நடந்து, "அதிகாரி அம்மா வாராவ" என்று சொல்லிக்கொண்டே போனாள். வீட்டுக்கு வீடு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி மீன் அரிந்த கையோடு நின்றாள். மூன்றாம் வீட்டுக்காரி அதிகாரிக்கு ஒரு துண்டு வட்டலப்பம் தின்னக் கொடுத்தே தீருவேன் என்றாள். திரும்பி வரும்போது அஞ்சலின் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"இந்தத் தெருவ எத்தனையோ பேரு வந்து அளந்திருக்காங்க. ஒருத்தர் எழுதுனதுலயும் இது இல்ல. வந்தவங்க எல்லாரும் ஆம்பளைங்க, அப்புறம் எப்படி இருக்கும்?" என்றார். ரைஹானத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆபத்து நீங்கிவிட்டது என்றே நினைத்துவிட்டாள்.

நீங்கவில்லை. கூடத்தில் வந்து உட்கார்ந்து அஞ்சலின் பொறுமையாக விளக்கினார். ஐந்தடி பழையதுதான் என்று அவர் எழுதிவிடுவார். அதில் பிரச்சினை இல்லை. ஆனால் மாடிக்குத் தூண் காட்டியிருக்கும் இடம் முடுக்கின் நடுவில் வருகிறது. அங்கே தூண் வைக்க விட முடியாது. சுஜின் புதிதாக வரைந்து தர வேண்டும்.

"அதோட இந்த வழி உங்க வீட்டுக்குள்ள முடியல. ஏழு வீட்டுக்கும் பொது. பிளான்ல இத நான் காட்டணும்னா, எங்க வீட்டு வழியாவும் முடுக்கு போகுது, இந்த வேலைக்கு ஆட்சேபணை இல்லன்னு ஏழு வீட்டுச் சொந்தக்காரங்களும் கையெழுத்துப் போடணும். கையெழுத்து மட்டும் போதாது. யாரு பேருல வீடு இருக்கோ அந்தப் பத்திரத்தோட முதல் பக்க நகலும் வேணும்."

"எப்ப வேணும் மேடம்?" என்றார் மைதீன்.

"திங்கட்கிழமை கமிட்டி கூடுது. அன்னைக்குக் காலைல என் மேசைக்கு வந்துட்டா எடுத்துக்குவாங்க. விட்டா அடுத்த கூட்டம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான். அது வரைக்கும் ஒரு செங்கல் வைக்கக் கூடாது."

இன்றைக்கு வியாழன்.

அதிகாரி போன பிறகு மைதீன் கத்துவார் என்று ரைஹானத் எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. சுஜினின் தோளில் கை வைத்து, "மன்னிச்சுக்கிடுங்க தம்பி" என்றார். சுஜின், சனிக்கிழமைக்குள் வரைந்து தருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினான். அப்பாத்துரை கரண்டியைக் கழுவிச் சாக்கில் போட்டுக்கொண்டு, "ஆள வேற வேலைக்கு விடாம வச்சிருக்கேன் பாய், திங்கக்கெழம போன் பண்ணுங்க" என்று புறப்பட்டார். வீடு ஓய்ந்து போனது.

"காலையில எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மைதீன்.

"சொல்ல வந்தேங்க. பயமா இருந்துச்சு."

"எம்மேலயா?"

கேட்டுவிட்டு அவர் தொழுகைக்குப் போய்விட்டார்.

ஹம்னாதான் வந்து உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பி.எட். படிக்கிறவள், எழுத்து அச்சடித்தது போல இருக்கும். ஒரு முழுத்தாளில் ஏழு வரி போட்டு வீட்டு எண்களை வரிசையாக எழுதிக்கொடுத்தாள்.

"மூஞ்சிய இப்பிடி வச்சுக்கிடாதிய உம்மா. ஏழு கையெழுத்துதான? முடுக்கு வழியா ஒரு நட போனா முடிஞ்சுது. நானும் வரட்டா?"

"கல்யாணப் பொண்ணு வேணாம். நானே போறேன்."

"எனக்கு மாடி சின்னதா இருந்தாலும் போதும் உம்மா. ஆனா அந்தச் சன்னல மட்டும் விட்டுராதிய. வாய்க்கா தெரியணும்" என்றாள் ஹம்னா. அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிற பெண் இல்லை. ரைஹானத் அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள்.

லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்து எல்லோரும் சாப்பிட்டு எழுந்த நேரம் பார்த்து முடுக்கில் இறங்கினாள். முதல் வீட்டுக்காரிக்குக் காது மந்தம். என்ன ஏது என்று சத்தமாகச் சொன்னதில் இரண்டாம் வீட்டுக்காரி கூப்பிடாமலே பத்திரத்தோடு வந்துவிட்டாள். மூன்றாம் வீட்டில் பத்திரம் அரிசிப் பானைக்குள் இருந்தது. தேடி எடுக்க அரை மணி நேரம் ஆனது. ஆறாம் வீட்டுக்காரி, மாடி கட்டும்போது முடுக்கில் ஒரு லைட் போட்டுத் தர வேண்டும் என்று பேரம் பேசிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டாள். ஏழாம் வீட்டில் மகள் வெளியூர் போயிருந்தாள். வீடு உம்மா பேரில்தான் என்பதால் உம்மாவே போட்டுக்கொடுத்தாள். பத்திரங்களை ரைஹானத் ஒவ்வொன்றாகச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றிலும் பெண்களின் பெயர்தான் இருந்தது.

ஐந்து ஆகிவிட்டது. இனித் தன்னுடையதும் ஆபிதா பீவியுடையதும்தான் பாக்கி. ஆபிதா ஐந்தாம் வீடு, பக்கத்துச் சுவர், ரைஹானத்துக்கு லாத்தா, அதாவது அக்கா முறை. அங்கே போய்க் கேட்கவே வேண்டாம் என்று நினைத்துத்தான் அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். ஒரு விஷயம் மட்டும் மனதில் இடறியது. ஆறாம் வீட்டுக்குப் போகையில் ஆபிதாவின் அடுப்படியைக் கடந்துதான் போனாள். எப்போதும் "ஏளா, எங்க பறக்க?" என்று கூப்பிடுகிறவர் இன்றைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

இப்போதும் அப்படியேதான் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஃபர்சானாவின் பிள்ளை உருவிய கீரையை எல்லாம் இறைத்துக்கொண்டிருந்தது.

"லாத்தா, விஷயம் தெரியுமில்ல? ஒங்க கையெழுத்துதான் பாக்கி."

"ஃபர்சானா, பிள்ளையத் தூக்கிட்டு அங்கிட்டுப் போ" என்றார் ஆபிதா. மகள் போன பிறகு எழுந்து போய்க் கூடத்துக் கதவைச் சாத்தினார். அந்தப் பக்கம் மருமகன் ரசீத் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்திரம் எடுங்க லாத்தா. ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

"பத்திரம் இல்ல."

"பேங்க்ல இருக்கா?"

"எங்கயும் இல்ல புள்ள. வீடு எம்பேர்ல இல்ல."

ரைஹானத்துக்குப் புரியவில்லை. ஆபிதா கீரைத்தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவருடைய புருஷன் தாவூது கொழும்புக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள், வீட்டை ஃபர்சானா பேருக்கு எழுதி வைத்துவிடலாம் என்று சொல்லிப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போயிருக்கிறார். காட்டிய இடத்தில் எல்லாம் இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுதியது மகளுக்கு இல்லை. தூத்துக்குடிக்காரர் ஒருவருக்குக் கிரயம்.

"போன மாசம் வீட்டு வரி கெட்டப் போனேன். வேற பேரு இருக்குன்னாவ. தப்பாப் பாத்திருப்பாவன்னு நானே சண்ட போட்டேன். பொறவு அவியளுக்குப் போன் பண்ணிக் கேட்டா, ஆமாங்காவ. வாங்குனவரு வந்து கேக்குத வரைக்கும் இருந்துக்கோன்னாவ. எங்க உம்மா எனக்குக் குடுத்த வீடு, ரைஹானத்து."

"யாருக்குத் தெரியும்?"

"ஒனக்கு இப்ப சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது. ஃபர்சானாவுக்குக்கூடத் தெரியாது. அந்தா உக்காந்து டிவி பாக்கானே, அவன் வீட்டுல இந்த வீட்டப் பாத்துத்தான் சம்பந்தம் வச்சாவ. இவ இங்கன இருக்கது இவ வீடுன்னு நெனச்சுத்தான் இருக்கா."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிமிஷம் ரைஹானத்துக்கு ஆபிதாவின் துக்கம் பெரிதாகத் தெரியவில்லை. ஹம்னா கேட்ட சன்னல்தான் கண்ணுக்குள் நின்றது. தூத்துக்குடிக்காரரின் பெயரை வாங்கிக்கொண்டு நாளைக்கே மைதீனை அனுப்பினால், சனிக்கிழமைக்குள் அந்தக் கையெழுத்து வந்துவிடும். திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிடும்.

அவள் மனதில் ஓடியது ஆபிதாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பேரு சொல்லுதேன், எழுதிக்கோ. ஒம்மவ கல்யாணத்த நான் நிறுத்த மாட்டேன். ஆனா அந்தப் பேரு இந்தத் தாள்ல அஞ்சாம் வீட்டுக்கு நேரா வந்துட்டா, சாயந்திரத்துக்குள்ள ஏழு வீட்டுக்கும் தெரிஞ்சிரும். ரசீத் பொட்டியக் கட்டிட்டுப் போயிருவான். அதுக்கு முன்னால எனக்கு ஒரு மாசம் வேணும் புள்ள. நான் கொழும்புக்கு ஆள் அனுப்பியிருக்கேன். அவிய வந்து நின்னு மகள்ட்ட தன் வாயால சொல்லட்டும். ஊரு சொல்லி அவ கேக்கக் கூடாது." ஆபிதா கீரைத்தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். "பெறவு ஒன் இஷ்டம். நீ சொன்னாலும் நான் ஒம்மேல கோவப்பட மாட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஃபர்சானா பிள்ளையோடு விளையாடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணை மறைக்கத்தான் அன்றைக்குத் திரைக்குப் பின்னால் நின்று வாயில் வந்ததைச் சொன்னோம் என்று ரைஹானத் நினைத்தாள். அழுகை வந்தது. ஆபிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளுக்குமாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியில் தாளை மடித்து ஆபிதாவின் மடியில் வைத்தாள்.

"பேரு எனக்கு வேண்டாம் லாத்தா. இந்தத் தாளு ஒங்ககிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா எங்க வீட்டுல அவிய வாங்கிப் பாப்பாவ. அஞ்சாம் வரி காலியா இருக்கது தெரிஞ்சிரும்."

"நீ என்ன சொல்லுவ வீட்டுல?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு நடுச்சுவர் வாசலைத் தாண்டித் தன் வீட்டுக்குள் வந்தாள்.

கூடத்தில் மைதீன் கோப்பை விரித்து வைத்து, நகல்களைச் செருகத் தயாராக உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்த கசப்பு போய் முகம் தெளிந்திருந்தது. பள்ளிவாசலில் யாரோ தைரியம் சொல்லியிருப்பார்கள். ஹம்னா, மாடிப்படிக்காக விட்ட இடத்தில், வேலை நின்று கிடந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து புத்தகம் வைத்திருந்தாள்.

"ஏழும் ஆச்சா?"

"ஆகலங்க."

"எத்தன பாக்கி?"

அவள் திரையை இழுத்துச் சரிசெய்தாள்.

"யாரு போடலன்னு சொல்லு, நான் போயிப் பேசுதேன். நம்ம தெருவுல எனக்கு இல்லன்னு சொல்லுத ஆளு யாரு? முதல் வீடா? ஆறாம் வீட்டுக்காரியா? ஆபிதா லாத்தாவா?"

எந்த வீட்டைச் சொன்னாலும் இவர் உடனே எழுந்து போய்க் கதவைத் தட்டுவார். சொல்லாவிட்டால் ஏழு வீட்டையும் தட்டுவார்.

"நான்தாங்க" என்றாள் ரைஹானத்.

"நீயா? என்ன நீ?"

"நான்தான் போடல. எனக்கு இந்த மாடி வேண்டாம்."

மைதீன் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"தாளு எங்க?"

"எங்கிட்ட இல்ல."

"வீடு ஒம்பேர்ல இருக்குங்கத இன்னைக்குக் காட்டுதியா? பதினெட்டு வருஷம் நான் அங்கன வெயில்ல நின்னது எதுக்குன்னு தெரியுமா ஒனக்கு?" அவர் குரல் உயரவில்லை. கோப்பை மூடி ஓரமாக வைத்தார். "சரி. மாப்பிள்ள வீட்டுக்கு நான் என்ன சொல்லட்டும்? பொண்ணப் பெத்தவளே வீடு தர மாட்டேங்கான்னு சொல்லட்டா?"

"அப்பிடியே சொல்லுங்க" என்றாள்.

மைதீன் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஹம்னா செங்கல் அடுக்கிலிருந்து இறங்கி வந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் ரைஹானத் தாங்கியிருப்பாள். அவள் உம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன் உம்மா?"